சிதம்பரத்தில் இசைக்கு ஒரு கல்லூரி

கல்விச்சாலைகளின் கதை – 17

1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக்கழகங்கள் பிறந்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்ட அவை, பாடம் நடத்துவதைவிடத் தேர்வு நடத்துவதையே முதல் வேலையாகக் கொண்டிருந்தன. சட்டத்துக்கும் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் அங்கே இடம் கிடைத்தது. கோயில் பிராகாரத்திலும் அரண்மனைக் கூடத்திலும் திருமண ஊர்வலத்திலும் தழைத்திருந்த இந்நாட்டு இசைக்கு மட்டும் இடமில்லை. அது உள்ளே வர ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஆயின. யார் கதவைத் திறந்தார்கள், உள்ளே வந்த இசை பல்கலைக்கழகத்துக்கு எதைக் கொடுத்தது என்பதுதான் இந்த அத்தியாயம்.

மாயூரத்தில் நின்றுபோன பாடம்

முதலில் 1871-ஆம் ஆண்டு மாயூரத்துக்குப் போவோம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் கற்க ஓர் இளைஞர் வந்து சேர்கிறார். பிற்காலத்தில் தமிழ்த் தாத்தா என்று நாடே கொண்டாடிய உ.வே. சாமிநாதையர். அவருடைய தந்தை வேங்கடசுப்பையர், கனம் கிருஷ்ணையரிடம் பயின்ற சங்கீத வித்துவான். மகனும் சங்கீதத்தை விட்டுவிடக் கூடாது என்பது தந்தையின் ஆசை. அதே மாயூரத்தில் 'நந்தனார் சரித்திரம்' பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார். அவரிடம் பாடம் தொடங்கியது.

செய்தி பிள்ளையவர்களுக்குத் தெரிந்ததும் அந்தப் பாடம் நின்றது. சங்கீதத்தில் மனம் போனால் இலக்கியத்தில் கருத்து ஊன்றாது என்பது ஆசிரியரின் எண்ணம். ஆசிரியர் சொல்லை மாணவர் மீறவில்லை. இதைத் தம் சரித்திரத்தில் ஐயரே எழுதியிருக்கிறார்.

பிள்ளையவர்களைக் குறை சொல்ல இதை நான் எடுக்கவில்லை. இயலுக்கும் இசைக்கும் நடுவே அன்று எவ்வளவு உயரமான சுவர் எழும்பியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. இயல், இசை, நாடகம் என்று மூன்றாக எண்ணப்பட்ட தமிழில், ஒன்றைக் கற்பவன் மற்றொன்றைத் தொடக் கூடாது என்ற நிலை வந்திருந்தது. ஏட்டைப் படித்தவருக்குப் பண் தெரியாது. பண்ணைப் பாடியவருக்கு ஏடு கிடைக்காது. 1892-இல் அதே சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்கு நல்லார் உரையோடு பதிப்பித்தபோது, அதன் அரங்கேற்று காதையில் நிறைந்து கிடந்த இசை நுட்பங்களைப் படித்துப் பொருள் சொல்லத் தமிழ்ப் புலவர்களும் திணறினார்கள், சங்கீத வித்துவான்களும் திணறினார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று அறிவு பிரிந்து கிடந்தது.

இந்த இரண்டு பாதிகளையும் ஒரே வளாகத்தில் உட்கார வைத்ததுதான் இந்தியப் பல்கலைக்கழகங்கள் இசைக்குச் செய்த முதல் உதவி.

வடக்கே எழுந்த மூன்று முயற்சிகள்

கதவை முதலில் தட்டியவை சமஸ்தானங்கள். பரோடாவில் சயாஜிராவ் கெய்க்வாட் ஆதரவில் 1886-இல் மௌலா பக்ஷ் ஓர் இசைப் பள்ளியைத் தொடங்கினார். அரண்மனை வித்துவான் ஒருவர் ஊர்ப் பிள்ளைகளுக்கு வரிசையாகப் பாடம் சொல்லிக் கொடுத்தார், பாட்டை எழுதி வைக்க ஒரு சுரக்குறிப்பு முறையையும் வகுத்தார். அந்தப் பள்ளிதான் பின்னாளில் பரோடாப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் புலமாக வளர்ந்தது.

இரண்டாவது முயற்சி விஷ்ணு திகம்பர் பலுஸ்கருடையது. 1901-இல் லாகூரில் அவர் தொடங்கிய கந்தர்வ மகாவித்யாலயத்துக்குப் பின்னால் மன்னர் யாரும் இல்லை. பொதுமக்கள் தந்த நன்கொடையிலும் கச்சேரி வருமானத்திலும் நடந்த பள்ளி அது. சங்கீதம் என்றாலே முகம் சுளித்த நடுத்தர வீடுகளிலிருந்து பிள்ளைகள் அங்கே வந்தார்கள்.

மூன்றாமவர் பம்பாய் வழக்கறிஞர் விஷ்ணு நாராயண் பாத்கண்டே. ஊர் ஊராகப் போய் வித்துவான்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டவர். 1904-இல் தெற்கே வந்தபோது எட்டயபுரம் சென்று சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தார். 1916-இல் பரோடாவில் முதல் அகில இந்திய சங்கீத மாநாட்டைக் கூட்டினார். 1926-இல் லக்னோவில் ஓர் இசைக் கல்லூரியை நிறுவினார்.

அந்த 1916 மாநாட்டில் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் எழுந்து பேசினார். சித்த மருத்துவர் ஆபிரகாம் பண்டிதர். தம் கொள்கையைப் பாடிக் காட்டத் தம் பெண்மக்களை உடன் அழைத்துச் சென்றிருந்தார். மறு ஆண்டு, 1917-இல், அவருடைய 'கருணாமிர்த சாகரம்' அச்சில் வந்தது. எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குப் பணமோ இடமோ தரவில்லை. மருந்து விற்ற வருமானத்தில் ஒரு தனி மனிதர் சங்கம் வைத்து, மாநாடு நடத்தி, ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஆராய்ச்சி எழுதினார். பல்கலைக்கழகம் செய்திருக்க வேண்டிய வேலையை ஒரு வீடு செய்தது.

வங்காளத்தில் ரவீந்திரநாத் தாகூர் வேறு வழியில் போனார். 1901-இல் சாந்திநிகேதனில் பள்ளியாகத் தொடங்கி 1921-இல் விஸ்வபாரதியாக மலர்ந்த அவருடைய நிறுவனத்தில், பாட்டு தனிப் பாடமாக மட்டும் இருக்கவில்லை. மழைக்காலத்துக்கு ஒரு விழா, வசந்தத்துக்கு ஒரு விழா, மரம் நட ஒரு விழா. எல்லாவற்றிலும் எல்லா மாணவர்களும் பாடினார்கள். பொருளாதாரம் படிப்பவனுக்கும் பாட்டு உண்டு என்ற அந்த எண்ணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயத்தின் முடிவில் அது நமக்குத் தேவைப்படும்.

சென்னையில் ஒரு துறை

சென்னையில் 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதையொட்டி ஒரு சங்கீத மாநாடும் நடந்தது. அதன் விளைவாகப் பிறந்தது மியூசிக் அகாதெமி. அந்த ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகமும் மெல்ல அசைந்தது. ராணி மேரி கல்லூரியில் பெண்கள் இசையை ஒரு பாடமாகப் படிக்க வழி பிறந்தது. 1932-இல் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைத் துறை தோன்றியது. அந்தத் துறையோடு பிரிக்க முடியாமல் இணைந்த பெயர் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி. ராகம், தாளம், உருப்படி வகைகள், வாத்தியங்கள், வாக்கேயக்காரர் வரலாறு என்று அவர் வகுத்து எழுதிய பாடநூல்களைத்தான் பல தலைமுறை மாணவர்கள் தேர்வுக்குப் படித்தார்கள்.

ஆனால் சென்னையில் இசை ஒரு துறையாக நுழைந்தது. சிதம்பரத்தில் அது ஒரு கல்லூரியாகவே எழுந்தது. அந்த வேறுபாடு பெரிது.

வேட்களத்து நிலம்

அண்ணாமலைநகர் என்று இன்று நாம் சொல்லும் இடத்தின் பழைய பெயர் திருவேட்களம். பாடல் பெற்ற தலம். தில்லையில் தங்க மனம் துணியாமல் ஞானசம்பந்தர் வேட்களத்தில் தங்கித் தில்லைக்குச் சென்று வழிபட்டார் என்கிறது பெரியபுராணம். அந்தக் கோயில் இன்றும் பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி நிற்கிறது.

இந்த ஊருக்கு இசையோடு இன்னொரு பழைய உறவும் உண்டு. தில்லையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளை மன்னன் வெளியே கொணர்ந்த வரலாற்றை உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. ஏடு கிடைத்துவிட்டது. எந்தப் பதிகத்துக்கு எந்தப் பண் என்பது அரசனுக்குத் தெரியவில்லை, ஏட்டைத் தொகுத்தவருக்கும் தெரியவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருவரை எருக்கத்தம்புலியூரிலிருந்து அழைத்து வந்து, அவரைக் கொண்டு பண் அடைவு செய்தார்கள் என்கிறது அந்நூல். ஏட்டறிவுக்கு முழுமை தர வழிவழியாகப் பாடிய ஒரு பெண்ணின் குரல் வேண்டியிருந்தது. நம் கல்வி வரலாற்றில் மறக்கக் கூடாத இடம் இது.

இந்த மண்ணில் செட்டிநாட்டு அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். தொடர்ந்து தமிழுக்கு ஒரு கல்லூரி, வடமொழிக்கு ஒரு கல்லூரி. மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு 1924 முதல் 1927 வரை முதல்வராக இருந்தவர் வேறு யாருமல்ல, மாயூரத்தில் சங்கீதப் பாடத்தை நிறுத்திக்கொண்ட அதே சாமிநாதையர்தான். 1929-இல் இந்தக் கல்லூரிகளையும் 20 லட்சம் ரூபாயையும் செட்டியார் வழங்க, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதே ஆண்டில் இசைக் கல்லூரியும் தோன்றியது.

யார் அங்கே பாடம் சொன்னார்கள்? மகா வைத்தியநாதையர் மரபில் வந்த சபேசையர். பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் மாணவரான டைகர் வரதாச்சாரியார். தஞ்சை நால்வர் குடும்பத்தில் வந்த பொன்னையா பிள்ளை. இந்த மூவரும்தான் 1932, 1933, 1934 என அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளில் மியூசிக் அகாதெமி மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர்கள். இவர்களில் எவரையும் பேராசிரியர் நாற்காலியில் அமர்த்தியது பட்டம் அல்ல. பொன்னையா பிள்ளையின் முன்னோர் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நால்வரும் சரபோஜி காலத்துத் தஞ்சை அரண்மனையில் இன்றைய பரதக் கச்சேரியின் வரிசையை வகுத்தவர்கள். இசை வேளாளர் குடும்பத்துப் பரம்பரைச் செல்வம் ஒன்று பல்கலைக்கழகப் பேராசிரியர் என்ற மதிப்போடு வகுப்புக்குள் வந்தது. சமூகத்தில் அந்தக் கலைஞர்களைப் பலர் எப்படி நடத்தினார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் கனம் விளங்கும்.

சங்கீத பூஷணம்

இக்கல்லூரி தந்த பட்டம் 'சங்கீத பூஷணம்'. அதுவரை இங்கே சங்கீதம் கற்க விரும்பிய பிள்ளைக்குப் பெரும்பாலும் இருந்த வழி குருகுலம். குரு வீட்டில் தண்ணீர் சுமந்து, துணி துவைத்து, அவர் கச்சேரிக்குப் போகும் ஊரெல்லாம் தம்பூராவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பாடம் எப்போது நடக்கும் என்பது குருவின் மனநிலையைப் பொறுத்தது. எந்த வீட்டுப் பிள்ளை, எந்தச் சாதிப் பிள்ளை என்ற கேள்வி வாசலிலேயே எழும். பெண்பிள்ளையாக இருந்தால் பெரும்பாலும் அந்த வாசலும் இல்லை.

கல்லூரியில் விண்ணப்பம் எழுதிப் போடலாம். விடுதியில் தங்கலாம். மணி அடித்தால் வகுப்பு. இன்று சபேசையரிடம் ஒரு கீர்த்தனை, நாளை பொன்னையா பிள்ளையிடம் ஒரு வர்ணம் என்று பல பாடாந்தரங்களை ஒரே மாணவர் கேட்கலாம். குருகுலத்தில் இது கனவிலும் நடக்காது. இப்படிப் பயின்றவர்களில் ஒருவர் எஸ். ராமநாதன். சங்கீத பூஷணம் பெற்றுப் பாடகராக விளங்கிய அவர், பின்னாளில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். மாயூரத்துச் சுவர் இடிந்தது என்பதற்கு அவர் ஒருவரே போதும். பண்ணைப் பாடும் தொண்டையும் உரையைப் படிக்கும் கண்ணும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டன.

இழப்பும் இருந்தது. குருவோடு ஒரே வீட்டில் இருக்கும் மாணவர், அவர் அதிகாலையில் தனக்காக முணுமுணுக்கும் தோடியையும் கேட்பார். வகுப்பறையில் அதற்கு வழியில்லை. ஒரு ராகத்தில் ஊறிக் கிடக்கப் பாடவேளை போதாது. பத்து உருப்படி பாடம் ஆயிற்றா என்று தேர்வு கேட்கும், கற்பனைச் சுரம் சுயமாக வருகிறதா என்று கேட்பது கடினம். அந்த இழப்பை அன்று ஈடுகட்டியது ஆசிரியர்களின் தரம். டைகர் வரதாச்சாரியாரின் சாரீரம் இனிமைக்குப் பேர்போனதல்ல. மனோதர்மத்தில் அவருக்கு இணை சொல்ல ஆளில்லை. அப்படிப்பட்டவர் எதிரே உட்கார்ந்து பாடும்போது, பாடத்திட்டம் சிறிதாக இருந்தாலும் மாணவர் பெற்றது பெரிதாக இருந்தது.

கணிதம் படித்த துறவி

1931-இல் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்தவர் சுவாமி விபுலாநந்தர். மட்டக்களப்பு காரைதீவில் பிறந்தவர். லண்டன் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பட்டம் பெற்று, யாழ்ப்பாணத்தில் அறிவியல் கற்பித்து, பின் ராமகிருஷ்ண மிஷனில் துறவியானவர். சிதம்பரத்தில் அவர் இருந்தது 1933 வரைதான். சிலப்பதிகார இசைப் பகுதியின் மீது அவருக்கிருந்த வேட்கை அதன்பின் பல ஆண்டுகள் அவரை விடவில்லை.

அவர் எதை ஆராய்ந்தார் என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தமிழின் ஏழு சுரங்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். இவற்றுக்குப் பழைய உரை தரும் அலகுகள் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2. கூட்டினால் 22. இந்தச் சுரங்களை ஒரு வட்டத்தில் 12 இராசி வீடுகளில் நிறுத்தி, தொடக்கச் சுரத்தை மாற்றிக்கொண்டே போனால் வெவ்வேறு சுர வரிசைகளான பாலைகள் பிறக்கும். இது வெறும் இலக்கிய வருணனை என்று பலர் நினைத்திருக்க, விபுலாநந்தர் இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தார். நரம்பின் நீளத்துக்கும் ஒலிக்கும் உள்ள விகிதத்தை அறிந்த அறிவியல் மாணவர் அவர். பண்டை யாழ்களின் அமைப்பையே மீட்டெடுக்க முயன்றார். அதன் பலன் 'யாழ் நூல்'. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அது அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது. அடுத்த மாதமே சுவாமிகள் மறைந்தார்.

தமிழ், கணிதம், இயற்பியல், இசை ஆகிய நான்கும் ஓர் ஆளிடம் கூடாமல் அந்த நூல் பிறந்திருக்காது. பல்கலைக்கழகம் என்ற பெயருக்கு இதைவிடப் பொருத்தமான பொருளை யாரும் சொல்லிவிட முடியாது.

1941: கேள்வி வெளியே வந்தது

இசைக் கல்லூரி நடக்க நடக்க ஒரு கேள்வி முற்றியது. தமிழ் மாணவர் தமிழ்நாட்டில் கற்கும் பாட்டில் தமிழ் எவ்வளவு? 1941 ஆகஸ்டில் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்களுக்கு முதன்மை வேண்டும் என்றது அது. இசைக்கு மொழி வரம்பு கட்டக் கூடாது என்று மறுதரப்பு வாதிட்டது. பத்திரிகைகள் இரண்டு பக்கமும் நின்றன. கல்கியும் ரசிகமணி டி.கே.சி.யும் தமிழிசையின் பக்கம் நின்று எழுதினார்கள், பேசினார்கள். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது.

தியாகராஜரை யாரும் வெளியேற்றவில்லை, வெளியேற்றவும் முடியாது. முத்துத்தாண்டவருக்கும் அருணாசலக் கவிராயருக்கும் கோபாலகிருஷ்ண பாரதியாருக்கும் கச்சேரி மேடையில் துக்கடாவுக்கு மேல் இடம் வேண்டும் என்பதே கோரிக்கை. அது நியாயமானது என்பதைக் காலம் ஏற்றுக்கொண்டுவிட்டது. பல்கலைக்கழகம் இங்கே கோஷத்தோடு நிற்கவில்லை. பழைய தமிழ்ப் பாடல்களைத் தேடி, வித்துவான்களைக் கொண்டு சுரப்படுத்தி, நூல்களாக வெளியிட்டது. 1949 முதல் தமிழ் இசைச் சங்கம் ஆண்டுதோறும் பண் ஆராய்ச்சி நடத்தியது. ஓதுவார்களும் ஆராய்ச்சியாளர்களும் ஒரே மேடையில் அமர்ந்தார்கள். தில்லையில் பாணர் மரபுப் பெண்ணைத் தேடிப் போன அதே நெறி.

அதே 1949-இல் சென்னையில் அரசு கர்நாடக இசைக் கல்லூரியைத் தொடங்கியபோது, அதன் முதல் முதல்வர் முசிறி சுப்பிரமணிய ஐயர். அவர் சபேசையரின் மாணவர். சிதம்பரத்தில் தமிழிசை புகழ் எம்.எம். தண்டபாணி தேசிகர் பின்னர் இசைத் துறைக்குத் தலைமை ஏற்றார். திருவாரூர் வட்டாரத்துத் தேவார மரபும் திரைப்படப் புகழும் ஒருங்கே பெற்ற அவர் வகுப்பில் உட்கார்ந்து பாடம் சொன்னார். கடல் கடந்து யாழ்ப்பாணத்திலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். சங்கீத பூஷணம் பட்டத்தோடு திரும்பிய பலர் அங்கே ஆசிரியர்களானார்கள். அங்கே 1960-இல் தொடங்கிய இராமநாதன் இசைக் கழகம் 1975-இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைந்தது.

அறம் எந்தத் தாளில் இருக்கிறது?

விடுதலைக்குப் பின் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு 1949-இல் அறிக்கை தந்தது. ஒவ்வொரு நாளும் வகுப்புகள் சில நிமிட மௌன தியானத்தோடு தொடங்கட்டும், முதலாண்டில் சமயப் பெரியோர் வரலாறுகளைப் படிக்கட்டும் என்று அது பரிந்துரைத்தது. 1959-இல் ஸ்ரீபிரகாசா குழு சமய, ஒழுக்கப் போதனை பற்றி ஆராய்ந்தது. 1986 கல்விக் கொள்கையும் விழுமியங்களை வலியுறுத்தியது. இப்படி நடந்து நடந்து, இன்று இளங்கலைப் பாடத்திட்டத்தில் 'மதிப்புக் கல்வி' என்று ஒரு தாள் வந்து நிற்கிறது. மாணவர்கள் நேர்மைக்கு ஐந்து வரி, பொறுமைக்கு ஐந்து வரி எழுதித் தேர்ச்சி பெறுகிறார்கள்.

அந்தக் குழுக்களின் நோக்கம் உயர்ந்தது. ஆனால் இந்த அத்தியாயத்தில் நாம் பார்த்த மனிதர்கள் வேறொன்றைச் சொல்கிறார்கள். ஒரு சுரத்தைச் சுத்தமாகப் பிடிக்க நூறு முறை பாடுபவன் பொறுமையைக் கற்கிறான். சுருதி சேராவிட்டால் பொய் சொல்ல வழியில்லை, எல்லோருக்கும் கேட்டுவிடும். மிருதங்கம் தனி வாசிக்கும்போது பாடகர் கை தாளம் போட்டுக்கொண்டு காத்திருக்கிறார். பிறருக்கு இடம் விடுதல் என்பது அங்கே தினசரிப் பயிற்சி. இவற்றைத் தாளில் எழுத வைக்க வேண்டியதில்லை.

இதில் இரண்டு குறைகள் நம்மிடம் நேர்ந்துவிட்டன. ஒன்று, இசையைத் துறைக்குள் அடைத்தோம். இசைக் கல்லூரி மாணவர் நாள் முழுதும் பாடுகிறார், பக்கத்துக் கட்டடத்துப் பொறியியல் மாணவர் நான்கு ஆண்டில் ஒரு முழுக் கச்சேரி கேளாமல் பட்டம் வாங்கிப் போகிறார். தாகூர் எல்லோருக்கும் வைத்த பாட்டை நாம் சிலருக்கு மட்டும் வைத்தோம். இந்தக் குறையை உணர்ந்துதான் 1977-இல் டெல்லி ஐஐடியில் கிரண் சேத் 'ஸ்பிக் மெக்கே' இயக்கத்தைத் தொடங்கினார். பெரும் வித்துவான்கள் கல்லூரி அரங்கின் தரையில் மாணவர் நடுவே அமர்ந்து பாடியது அதன் பலன்.

இரண்டாவது குறை பெரிது. அன்று பொன்னையா பிள்ளைக்குத் திறந்த கதவு, இன்று ஒரு தவில் வித்துவானுக்கோ ஓதுவாருக்கோ அவ்வளவு எளிதில் திறப்பதில்லை. பட்டமும் தகுதித் தேர்வும் முன்னால் நிற்கின்றன. வழி அறவே இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் பட்டம் கேட்காத 'நடைமுறைப் பேராசிரியர்' பதவிக்கு இடம் தந்தது. 2023-இல் கலைஞர்களையும் கைவினைஞர்களையும் கல்லூரியிலேயே தங்கவைத்துக் கற்பிக்கும் வழிகாட்டுதலை வெளியிட்டது. தமிழ்நாட்டில் இசைக்கும் கவின்கலைக்கும் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. விதி வந்துவிட்டது, அதைப் பயன்படுத்தும் மனம்தான் வர வேண்டும்.

இதைப் படிக்கும் துணைவேந்தர்களுக்கும் முதல்வர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லூரியிலிருந்து சில மைல் தூரத்தில் ஒரு நாகசுரக் கலைஞரோ, ஓதுவாரோ, கூத்து வாத்தியாரோ இருப்பார். மதிப்புக் கல்வித் தாளுக்கு ஒதுக்கிய மணிகளில் பாதியை அவரிடம் கொடுங்கள். எல்லாத் துறை மாணவர்களையும் அவர் முன் உட்கார வையுங்கள். அவருக்கு ஆசிரியர் என்ற பெயரும் அதற்குரிய ஊதியமும் கொடுங்கள். சிதம்பரத்தில் அப்படித்தான் தொடங்கினார்கள்.

(தொடரும்)